'அல்லாஹ் கூறுகிறான்' என்று தொடங்குவதெல்லாம் குர்ஆன் வசனமா?

தென் மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், கேள்விக்குத் தேவையான விவரங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் பள்ளிவாசலை ஒட்டிய மக்தபில் மாலை நேரத்தில் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறார். மக்தபின் ஆண்டு விழாவுக்காக நான்கு வாசகங்களை அட்டைகளில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறார். முதல் அட்டையில் 'என் அருள் என் கோபத்தை மிகைத்துவிட்டது' என்ற வாசகமும் அதன் கீழே 'அல்குர்ஆன்' என்ற குறிப்பும் இருந்தன. நாள்காட்டித் தாளில் 'அல்லாஹ் கூறுகிறான்' என்ற தலைப்புடன் கண்டதால், அது வசனம்தான் என்று அவர் நம்பியிருக்கிறார். விழா முடிந்த மறுநாள், எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி தர்ஜமாவில் (குர்ஆன் மொழிபெயர்ப்பில்) தேடிப் பார்த்துவிட்டு, 'உஸ்தாதா, இது குர்ஆனில் எங்கேயும் இல்லையே' என்று கேட்டிருக்கிறாள். செய்தி வீட்டுக்கும் ஜமாஅத் நிர்வாகத்துக்கும் போயிற்று. 'அல்லாஹ் சொல்லாததை அவனுடைய வேதம் என்று எழுதியவர் மீண்டும் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்ல வேண்டும்' என்று கணவரின் தம்பி கூறியிருக்கிறார். 'குத்ஸி (குர்ஆனில் இல்லாமல், இறைவன் சொன்னதாக நபியவர்கள் அறிவித்தது) என்றாலும் குர்ஆன் என்றாலும் அல்லாஹ்வின் பேச்சுதான். இரண்டும் ஒன்றே' என்பது மாமியாரின் ஆறுதல். 'ஹதீஸ் குத்ஸி என்றாலே ஸஹீஹ்தான் (நம்பத்தக்கதுதான்), அதைச் சரிபார்க்கத் தேவையில்லை' என்று உடன் பணியாற்றும் ஆசிரியை சொல்லியிருக்கிறார். நிர்வாகம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறது; சகோதரி வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இஸ்லாத்தை விட்டு வெளியேறவில்லை. மீண்டும் கலிமா சொல்ல வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. அறியாமல் நேர்ந்த தவற்றுக்கும் மனமறிந்து செய்யும் பொய்க்கும் இடையே குர்ஆனே கோடு போட்டிருக்கிறது. 'நீங்கள் தவறுதலாகச் செய்துவிட்டதில் உங்கள்மீது குற்றமில்லை. உங்கள் உள்ளங்கள் வேண்டுமென்றே செய்ததே குற்றம்' என்ற கருத்து 33:5 வசனத்தில் உள்ளது. 'எங்கள் இறைவா, நாங்கள் மறந்துவிட்டாலோ தவறு செய்துவிட்டாலோ எங்களைக் குற்றம் பிடிக்காதே' என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான அல்பகராவின் கடைசி வசனத்தில் நாம் ஓதுகிறோம் அல்லவா? அந்த வேண்டுதலுக்கு 'அவ்வாறே செய்தேன்' என்று அல்லாஹ் பதிலளித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழி (ஹதீஸ்) தொகுப்பில் இருக்கிறது. வேண்டுதல் குர்ஆன் வசனம். பதிலோ ஹதீஸின் வழியாக நமக்குக் கிடைத்த இறைவாக்கு. உங்கள் கேள்விக்கான விளக்கத்தை இந்த ஒரே இடத்திலிருந்தே தொடங்கிவிடலாம்.

உங்கள் கணவரின் தம்பி குர்ஆன்மீது கொண்ட மரியாதையால்தான் அப்படிப் பேசியிருப்பார் என்று நான் நம்புகிறேன். ஆனால் அவர் தொட்டிருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. ஒருவர் தம் சகோதரரைப் பார்த்து 'காஃபிரே' (இறைமறுப்பாளனே) என்று சொன்னால் அந்தச் சொல் இருவரில் ஒருவர்மீது திரும்பிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. தவறான குறிப்பு எழுதியதைத் தவறு என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஈமானைக் (இறைநம்பிக்கையைக்) குறித்துத் தீர்ப்பு வழங்கும் உரிமை இல்லை. இதை நீங்களே அவரிடம் வாதாட வேண்டாம். உங்கள் கணவரோ பள்ளி இமாமோ தனியாகச் சொல்லட்டும்.

இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

உங்கள் மாமியார் சொன்னதிலும் சக ஆசிரியை சொன்னதிலும் ஒரே சிக்கல்தான் இருக்கிறது. புனிதமான ஒரு வாசகத்தின் முன் நாம் இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்க வேண்டும். இது யாருடைய சொல் என்பது முதல் கேள்வி. இது எந்த வழியாக, எவ்வளவு உறுதியோடு நம்மை வந்தடைந்தது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு 'அல்லாஹ்வின் சொல்' என்று விடை வந்ததும் இரண்டாவது கேள்வி தேவையற்றதாகிவிடுகிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், அல்லாஹ்வின் பெயரால் ஒன்று சொல்லப்படும்போதுதான் இரண்டாவது கேள்வியை இன்னும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

குர்ஆனைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகளுக்கும் விடை உறுதியானது. அதன் சொல்லும் பொருளும் அல்லாஹ்விடமிருந்து வந்தவை. ஏறத்தாழ 23 ஆண்டுகளில் சிறுகச் சிறுக அருளப்பட்டது. அருளப்பட்டபோதே எழுதப்பட்டது, மனனம் செய்யப்பட்டது, தொழுகையில் ஓதப்பட்டது. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் கொல்லப்பட்ட பிறகு, அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அதை ஒரே தொகுப்பாகத் திரட்டினார்கள். ஒரு மலையைப் பெயர்த்து நகர்த்தச் சொல்லியிருந்தாலும் இந்தப் பணியைவிட அது தமக்குப் பாரமாக இருந்திருக்காது என்று அவர்களே கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் படிகள் எடுக்கப்பட்டு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையிலும் பொய்யில் ஒன்றுசேர முடியாத அளவுக்குப் பெருங்கூட்டம் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்த இந்த முறையைத்தான் அறிஞர்கள் 'முதவாதிர்' என்கிறார்கள்.

ஹதீஸ் குத்ஸி என்பது, நபி (ஸல்) அவர்கள் 'அல்லாஹ் கூறுகிறான்' என்று இறைவன்மீது சார்த்தி அறிவித்த, ஆனால் குர்ஆனில் இடம்பெறாத செய்தி. அதன் பொருள் அல்லாஹ்விடமிருந்து வந்தது, சொல்லமைப்பு நபியவர்களுடையது என்பது ஹிஜ்ரி 816இல் மறைந்த அஷ்ஷரீஃப் அல்ஜுர்ஜானீ போன்றோரின் விளக்கம். சொல்லும் அல்லாஹ்வுடையதே, ஆயினும் குர்ஆனுக்குரிய சட்டங்கள் அதற்கு இல்லை என்று கூறும் அறிஞர்களும் உண்டு. இந்தக் கருத்து வேறுபாட்டில் நீங்கள் ஒரு பக்கம் சாய வேண்டிய அவசியமில்லை. குத்ஸியைத் தொழுகையில் குர்ஆனுக்குப் பதிலாக ஓத முடியாது, எழுத்துக்குப் பத்து நன்மை என்ற வாக்குறுதி அதற்கு உரியதன்று, 'இதுபோன்ற ஓர் அத்தியாயத்தைக் கொண்டு வாருங்கள்' என்ற அறைகூவல் அதற்கு விடுக்கப்படவில்லை என்பவற்றில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். அது எல்லா ஹதீஸ்களையும் போலவே தனித்தனி அறிவிப்பாளர் தொடர்கள் வழியாக நம்மிடம் வந்தது. எனவே குத்ஸியில் ஸஹீஹும் உண்டு, பலவீனமானதும் உண்டு, இட்டுக்கட்டப்பட்டதும் உண்டு. 'குத்ஸி' என்பது செய்தி யார்மீது சார்த்தப்படுகிறது என்பதைச் சொல்லும் பெயர்; அது நம்பகத்தன்மைக்கு வழங்கிய சான்றிதழ் அன்று. உங்கள் சக ஆசிரியையிடம் இதைக் கனிவாகச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். குத்ஸிக்கு அடுத்த படியில்தான் சாதாரண நபிமொழி, ஆகவே அதை அவ்வளவு பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற எண்ணமும் சிலரிடம் இருக்கிறது. நபியவர்கள் தம் மன இச்சைப்படி பேசுவதில்லை என்று 53:3, 4 வசனங்கள் கூறுகின்றன. மார்க்கத்தின் சட்டங்களில் பெரும்பகுதி நபிமொழிகளிலிருந்தே எடுக்கப்பட்டது. குத்ஸிகளோ பெரும்பாலும் இறையருள், பாவமன்னிப்பு, உளத்தூய்மை, நற்கூலி ஆகியவற்றைப் பேசுகின்றன. பலவீனமான தொடரில் வந்த ஒரு குத்ஸியையும் ஸஹீஹான ஒரு நபிமொழியையும் அருகருகே வைத்தால், ஆதாரமாக நிற்பது நபிமொழிதான்.

ஒரே அறிவிப்பில் நான்கு குரல்கள்

பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். வரைவிலக்கணங்களை மனனம் செய்ய வைக்காதீர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் தொழுகை அத்தியாயத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் ஓர் அறிவிப்பைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடமான, குர்ஆனின் தொடக்க அத்தியாயமான அல்ஃபாத்திஹாவைப் பற்றியது அது. நான்கு வண்ணச் சாக்குக் கட்டிகள் போதும்.

அறிவிப்பு நபியவர்களின் சொல்லோடு தொடங்குகிறது: உம்முல் குர்ஆனை (அல்ஃபாத்திஹாவை) ஓதாமல் ஒருவர் தொழுதால் அந்தத் தொழுகை குறையுள்ளது. இதை நபியவர்கள் மூன்று முறை சொன்னார்கள். இது நபிமொழி, ஒரு வண்ணம். உடனே அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் ஒருவர், 'நாங்கள் இமாமுக்குப் பின்னால் நிற்கிறோமே' என்று கேட்கிறார். 'அதை உமது மனத்துக்குள் ஓதிக்கொள்வீராக' என்று அவர்கள் பதில் சொல்கிறார்கள். இந்தப் பதில் நபித்தோழரின் சொல்; ஹதீஸ் கலையில் 'மவ்கூஃப்' எனப்படுவது. இதற்கு இரண்டாவது வண்ணம். பிறகு அவர்கள் தாம் நபியவர்களிடம் கேட்டதைச் சொல்கிறார்கள்: 'தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரு பாதிகளாகப் பிரித்துள்ளேன், என் அடியான் கேட்டது அவனுக்கு உண்டு என்று அல்லாஹ் கூறுகிறான்.' இது குத்ஸி, மூன்றாவது வண்ணம். அடுத்து, அடியான் 'அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்' (எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனுக்கே) என்று சொல்லும்போது 'என் அடியான் என்னைப் புகழ்ந்தான்' என்கிறான் அல்லாஹ். 'இய்யாக நஅபுது வ இய்யாக நஸ்தஈன்' (உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம்) என்று அடியான் சொல்லும்போது, 'இது எனக்கும் என் அடியானுக்கும் இடையே உள்ளது. என் அடியான் கேட்டது அவனுக்கு உண்டு' என்கிறான். அடியான் சொல்லும் வசனங்கள் குர்ஆன், நான்காவது வண்ணம். ஒவ்வொரு வசனத்துக்கும் வரும் இறைவனின் மறுமொழி மறுபடியும் குத்ஸி.

வசனமும் அதற்கான மறுமொழியும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. இரண்டுமே அல்லாஹ்வைச் சேர்ந்தவை. ஆனாலும் தொழுகையில் நாம் வசனத்தை மட்டுமே ஓதுகிறோம். 'என் அடியான் என்னைப் புகழ்ந்தான்' என்பதை எந்த இமாமும் ஃபாத்திஹாவின் நடுவே ஓதியதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக வேறுபாட்டைக் காட்ட எனக்கு வேறொரு வழி தெரியவில்லை.

அதே அறிவிப்பில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 'மாலிகி யவ்மித்தீன்' (தீர்ப்பு நாளின் அதிபதி) என்பதற்கான மறுமொழி 'என் அடியான் என்னைப் பெருமைப்படுத்தினான்' என்று வருகிறது. 'என் அடியான் என்னிடம் ஒப்படைத்துவிட்டான்' என்று ஒருமுறை கூறப்பட்டதாக அறிவிப்பாளரே அதனருகில் குறிக்கிறார். தம் நினைவில் இரண்டு சொற்கள் இருந்ததை அவர் மறைக்கவில்லை. ஹதீஸில் சொல் இப்படி மாறிவரலாம். பொருள் காக்கப்பட்டால் அறிவிப்பு ஏற்கப்படும். குர்ஆனிலோ ஒரு சொல்லுக்குப் பதிலாக அதே பொருளுள்ள மற்றொரு சொல்லை நாமாக வைத்து ஓதுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. ஏழு, பத்து கிராஅத்கள் என்று நாம் சொல்பவைகூட நபியவர்களிடமிருந்து ஓதல்முறையாகவே பெறப்பட்டவை. ஓதுபவரின் விருப்பத்தால் வந்தவை அல்ல.

இந்த நபித்தோழர் சொல்லைக் காட்டும்போது ஒரு குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். இமாமுக்குப் பின்னால் ஃபாத்திஹா ஓதுவதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே (மார்க்கச் சட்டப் பள்ளிகளுக்கிடையே) வேறுபாடு உண்டு. உங்கள் வகுப்பில் இரு மத்ஹபுப் பிள்ளைகளும் இருப்பதாக எழுதியிருப்பதால், வண்ணப் பாடம் மத்ஹபுச் சண்டையாக மாறிவிடக் கூடாது.

இந்தப் பிரிவினை பிற்கால அறிஞர்கள் தாமாக உருவாக்கியது என்று யாராவது சொன்னால், ஸஹீஹ் முஸ்லிமில் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களின் அறிவிப்பைக் காட்டுங்கள். 'என்னிடமிருந்து குர்ஆனைத் தவிர வேறெதையும் எழுதாதீர்கள். எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள்' என்று நபியவர்கள் ஒரு கட்டத்தில் உத்தரவிட்டார்கள். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்ற கவலையே இதற்குக் காரணம் என்பது அறிஞர்கள் பலரின் விளக்கம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு ஹதீஸ்களை எழுதிக்கொள்ள நபியவர்களே அனுமதி தந்தது அபூதாவூதில் உள்ளது. உங்கள் அட்டையில் நேர்ந்தது எதுவோ, அதற்கு எதிரான காவல் நபியவர்களின் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

உங்கள் நான்கு அட்டைகள்

'என் அருள் என் கோபத்தை மிகைத்துவிட்டது' என்பது அபூஹுரைரா (ரலி) வழியாக புகாரீயிலும் முஸ்லிமிலும் வரும் ஸஹீஹான குத்ஸி. 'முந்திவிட்டது' என்றும் ஓர் அறிவிப்பில் உண்டு. வாசகம் உண்மை, கீழே எழுதிய 'அல்குர்ஆன்' என்ற ஒரு சொல்தான் தவறு. குர்ஆனில் இதற்கு மிக நெருங்கிய பொருளில் 'என் அருள் எல்லாப் பொருள்களையும் சூழ்ந்திருக்கிறது' என்று 7:156இலும், உங்கள் இறைவன் தன்மீது அருளை விதித்துக்கொண்டான் என்று 6:54இலும் வருவதால், இந்தக் குழப்பம் கற்றவர்களுக்கும் நேரக்கூடியது.

'தாயின் காலடியில் சொர்க்கம் இருக்கிறது' என்று நம் மேடைகளில் முழங்கும் சொல்லமைப்பில் வரும் அறிவிப்பு பலவீனமானது. ஆனால் அதன் பொருள் ஏற்கத்தக்க வழியில் நஸாயீயில் கிடைக்கிறது. போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஜாஹிமா (ரலி) அவர்களிடம், 'உமக்குத் தாய் இருக்கிறாரா?' என்று நபியவர்கள் கேட்டார்கள். ஆம் என்றதும், 'அவரைப் பற்றிக்கொள்வீராக. சொர்க்கம் அவருடைய பாதங்களின் கீழ் இருக்கிறது' என்றார்கள். அட்டையில் இந்த நிகழ்ச்சியையே எழுதிவிடலாம். பழைய வாசகத்தைவிட இது பிள்ளைகளின் நெஞ்சில் ஆழமாகப் பதியும்.

'சீனா சென்றேனும் கல்வியைத் தேடுங்கள்' என்பதைக் கழற்றிவிடுங்கள். இது எத்தனை பள்ளிக்கூடச் சுவர்களில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இப்னு ஹிப்பான் இதை அடிப்படையற்றது என்றார். இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்தார். வாசகம் பிரபலம், தொடர்கள் பலவீனம் என்றார் பைஹகீ. 'கல்வியைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை' என்று இப்னு மாஜாவில் உள்ளதை அதன் இடத்தில் வையுங்கள். அதன் தொடரைப் பற்றியும் பேச்சு உண்டு என்றாலும், பல வழிகளில் வந்து ஒன்றையொன்று வலுப்படுத்துவதால் ஏற்றவர்கள் பலர்.

நான்காவது அட்டைதான் உங்களுக்குச் சங்கடமானது என்பதை உணர்கிறேன். 'நான் மறைந்திருந்த கருவூலமாக இருந்தேன், அறியப்பட விரும்பினேன், எனவே படைப்புகளைப் படைத்தேன்' என்ற வாசகம் உங்கள் மாமியாரின் திக்ரு மஜ்லிஸில் (இறைநினைவு அமர்வில்) பல்லாண்டுகளாகச் சொல்லப்படுவது, அவருடைய குறிப்பேட்டிலிருந்து எடுத்தது. இதற்கு ஸஹீஹான தொடரோ பலவீனமான தொடரோகூட அறியப்படவில்லை என்று இப்னு தைமிய்யா கூறினார். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களான ஸர்கஷீயும் இப்னு ஹஜரும் அதை அப்படியே ஏற்றார்கள். முல்லா அலீ காரீயோ, இதன் பொருள் சரியானது, 51:56 வசனத்திலிருந்து பெறத்தக்கது என்று எழுதினார். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒரு பொருள் நல்லதாக இருப்பது வேறு, அதை 'அல்லாஹ் கூறியதாக நபியவர்கள் கூறினார்கள்' என்று சொல்வது வேறு. ஆன்மிகப் பெரியார்கள் எடுத்தாண்ட கூற்று என்று சொல்லி அதை விளக்குவதில் தடையில்லை. குத்ஸி என்ற பெயரில் சுவரில் மாட்டக் கூடாது.

அதே குறிப்பேட்டில் இருப்பதாக நீங்கள் எழுதிய 'என் வானமும் பூமியும் என்னைக் கொள்ளவில்லை. நம்பிக்கையாளனான என் அடியானின் உள்ளம் என்னைக் கொண்டது' என்பதும் இந்த வகைதான். இமாம் கஸ்ஸாலீயின் இஹ்யாவில் இது இருக்கிறது. அந்நூலின் ஹதீஸ்களை ஆய்ந்த ஹாஃபிழ் இராகீ இதற்கு மூலம் எதையும் காணவில்லை என்றார். இது இஸ்ராயீலிய்யாத், அதாவது இஸ்ரவேலர்களின் வழிவந்த செய்திகளில் உள்ளது என்று சொல்லப்பட்டிருக்கிறது. தவ்ராத், ஸபூர், இன்ஜீல் ஆகியவை அருளப்பட்டவை என்று நாம் ஈமான் கொள்கிறோம். ஆனால் 'முந்தைய வேதத்தில் இறைவன் சொன்னான்' என்று வரும் தனிச் செய்திகளில், குர்ஆனும் ஸஹீஹான ஹதீஸும் உறுதிப்படுத்தாதவற்றை உண்மை என்றும் சொல்லாமல் பொய் என்றும் சொல்லாமல் விடும்படி நபியவர்கள் கற்பித்தது புகாரீயில் இருக்கிறது. உங்கள் மாமியாரிடம் இதைப் பேசும்போது, குறிப்பேட்டைப் பிழை பார்ப்பவராக அமராதீர்கள். அவர் அல்லாஹ்வின் அன்பைத் தேடி அந்த வாசகத்திடம் போயிருக்கிறார். 'என் அடியான் என்னைப் பற்றி எண்ணுவதற்கேற்பவே நான் இருக்கிறேன்; அவன் என்னை நினைவுகூரும்போது அவனுடன் இருக்கிறேன்' என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள குத்ஸியை அவருக்குப் படித்துக்காட்டுங்கள். தேடியது அங்கே நம்பத்தக்க வழியில் இருப்பதைக் காண்பார்.

தொழுகையும், தொழுகையில்லாத நாட்களும்

'என் அடியார்களே, அநீதியை எனக்கு நானே விலக்கிக்கொண்டேன். உங்களுக்கிடையிலும் அதை விலக்கப்பட்டதாக்கினேன்' என்று தொடங்கும் நீண்ட குத்ஸியை அரபியில் மனனம் செய்திருப்பதாகவும், தஹஜ்ஜுத் என்னும் இரவுத் தொழுகையில் ஃபாத்திஹாவுக்குப் பிறகு ஓத ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அபூதர் (ரலி) அவர்களின் அந்த அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மனனம் செய்தது நல்ல காரியம். ஆனால் அதைத் தொழுகையில் கிராஅத்தாக ஓதாதீர்கள். அது குர்ஆன் ஓதியதாக ஆகாது, வேண்டுமென்றே ஓதினால் தொழுகை முறியும் என்றும் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த ஹதீஸை அபூதர் (ரலி) அவர்களிடமிருந்து அறிவித்த அபூஇத்ரீஸ் அல்கவ்லானீ, அதை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் முழந்தாளிட்டு அமர்ந்துவிடுவார் என்று முஸ்லிமிலேயே பதிவாகியிருக்கிறது. தொழுகைக்கு வெளியே அதற்குக் கொடுக்க வேண்டிய மரியாதைக்கு அவர் முன்மாதிரி. தஹஜ்ஜுதை முடித்து அமர்ந்தபின் அதைப் பொருளுணர்ந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் குத்ஸி நூலைத் தொடலாமா, வாசிக்கலாமா என்ற கேள்விக்கு விடை எளிது: தொடலாம், வாசிக்கலாம், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். முஸ்ஹஃபைத் (குர்ஆன் பிரதியைத்) தொடுவதற்கான உளூ (தொழுகைக்கு முன் செய்யும் தூய்மை) நிபந்தனையும் ஹதீஸ் நூலுக்கு இல்லை. இமாம் மாலிக் அவர்கள் உளூ செய்து நல்லாடை உடுத்திய பிறகே ஹதீஸ் அறிவிக்க அமர்வார்கள் என்பது ஒழுக்கத்தின் உயர்ந்த நிலை, கடமை அன்று. குர்ஆனைப் பொறுத்தவரை, நீங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி அந்நாட்களில் நாவால் ஓதுவதும் முஸ்ஹஃபைத் தொடுவதும் கூடாது. பார்வையால் படித்து உள்ளத்தில் ஓட்டுவதும், வசனங்களில் உள்ள துஆக்களைத் துஆ என்ற எண்ணத்தில் கேட்பதும் கூடும். கற்பிக்கும் பெண் சொல் சொல்லாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க ஹனஃபீ மத்ஹபிலும், மாதவிலக்கில் ஓதிக்கொள்ள மாலிகீ மத்ஹபிலும் இடம் உண்டு. மாதத்தில் பல நாள் வகுப்பு தடைப்படுவது உங்களுக்குப் பெரிய சிரமம் என்பதால், உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) இந்த விவரங்களைச் சொல்லி முடிவு கேட்டுக்கொள்ளுங்கள். அந்நாட்களை ஹதீஸ் பாடத்துக்கென்று ஒதுக்கிவிடுவதும் ஒரு வழி.

நிர்வாகத்துக்கு என்ன எழுதுவது

விளக்கம் கேட்க நிர்வாகத்துக்கு உரிமை இருக்கிறது. தவறு எல்லோர் கண்ணிலும் பட்ட இடத்தில் நேர்ந்தது. திருத்தமும் அதே இடத்தில் அமைவதே முறை. அட்டைகளைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு அமைதியாகிவிடலாம் என்ற உங்கள் தோழியின் யோசனை சண்டையைத் தவிர்க்கும். ஆனால் விழாவுக்கு வந்த பெற்றோர் அந்த வாசகத்தை வசனம் என்றே வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வேலையை விட்டு விலகுவதோ, நீங்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல ஆகும், பிள்ளைகளுக்கும் இழப்பு. எனவே இரண்டையும் விட்டுவிட்டு, கடிதத்தில் இந்த அளவுக்கு எழுதுங்கள்:

'ஆண்டு விழாவில் வைக்கப்பட்ட முதல் அட்டையின் வாசகம் குர்ஆன் வசனம் அன்று. புகாரீ, முஸ்லிமில் உள்ள ஹதீஸ் குத்ஸி. மூன்றாம், நான்காம் வாசகங்களுக்கு நம்பத்தக்க அறிவிப்பாளர் தொடர் இல்லை. இரண்டாவதன் சரியான வடிவம் நஸாயீயில் உள்ளது. அறியாமல் நேர்ந்த இத்தவறு திருத்தப்பட்டுவிட்டது.'

இதையே அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். மன்னிப்பு, மறு கலிமா போன்ற சொற்களைச் சேர்க்கும்படி யாராவது வற்புறுத்தினால், ஈமான் பற்றிய கேள்வியை ஹஜ்ரத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: இதுவரை நடந்தது அறியாமை, இனி இந்த வாசகங்களின் நிலை உங்களுக்குத் தெரியும். பொய் என்று தெரிந்தே ஒரு ஹதீஸை அறிவிப்பவரும் பொய்யர்களில் ஒருவரே என்ற நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் வைத்திருக்கிறார்.

அடுத்த முறை அட்டை எழுதும்போது, நாள்காட்டியையோ கைப்பேசியில் வந்த படத்தையோ நம்பாதீர்கள். வசனம் என்றால் அத்தியாய, வசன எண்ணோடு தர்ஜமாவில் பார்த்துவிட்டே எழுத வேண்டும். ஹதீஸ் என்றால் நூல், அத்தியாயம், அறிவித்த நபித்தோழர் மூன்றும் வேண்டும்; ஹதீஸ் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் எண்ணை மட்டும் நம்பினால் தேடுபவர் வேறொரு ஹதீஸில் போய் நிற்பார். புகாரீ, முஸ்லிம் அல்லாத நூல் என்றால், அறிஞர்கள் அதற்கு வழங்கிய தரத்தையும் ஹஜ்ரத்திடம் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவியை வீட்டார் கடிந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டுங்கள். பலகையில் நான்கு வண்ணப் பாடத்தை எழுதும்போது குர்ஆன் வசனங்களின் வண்ணக் கட்டியை அவள் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். கழற்றிய அட்டைகளில் அல்லாஹ்வின் பெயர் இருப்பதால் அவற்றைக் குப்பையில் போட வேண்டாம். எரித்துவிடலாம், அல்லது கால் படாத இடத்தில் புதைத்துவிடலாம்.